டீத்தூள், வாழைப்பழத் தோல் எல்லாம் போட்டும் ரோஜா மொட்டு விடவில்லை, இலை மஞ்சளாகிறது

மாடித்தோட்டம் (மதுரை):
வணக்கம். நர்சரியில் வாங்கிய சிவப்பு ரோஜா, 12 அங்குலத் தொட்டியில் இருக்கிறது. கடை உரம் வேண்டாமென்று டீத்தூள், வாழைப்பழத் தோல், வெங்காயத் தோல், முட்டை ஓடு என்று சமையலறையில் மிஞ்சுவதைத்தான் போடுகிறேன். இப்போது தொட்டி நிறைய எறும்பு, கொசு மாதிரி குட்டிப் பூச்சி வேறு. மொட்டே இல்லை. இன்னும் அதிகமாகப் போடணுமா?

கொல்லைப்புறம்:
ஐயோ, முதலில் நிறுத்துங்கள். மஞ்சளாவது அடி இலையா, கொழுந்தா? பால் டீயின் தூளா? தண்ணீர் தினமும் ஊற்றுகிறீர்களா?

மாடித்தோட்டம்:
அடி இலைதான், முழுசாக மஞ்சளாகி உதிர்கிறது. பால் டீ, வடிகட்டியதை அப்படியே கொட்டுவேன். தண்ணீர் காலை, மாலை இரண்டு வேளையும்.

கொல்லைப்புறம்:
எறும்பு சர்க்கரைக்கு வந்தது. பூச்சி ஈரத்திலும் அழுகலிலும் முட்டையிடும். தோல் மட்கும் வரை செடிக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும். தழைச்சத்து குறைந்தால் முதலில் அடி இலைதான் மஞ்சளாகும். வேர் எந்நேரமும் ஈரத்தில் நின்றாலும் இதேதான். உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மேலே கிடப்பதை வழித்தெடுத்து மண்ணைக் கிளறி விடுங்கள். விரலை விட்டுப் பார்த்து, ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அப்புறம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

வேலியோரம்:
எங்கள் அம்மா தோலை நேரடியாகத்தான் ரோஜா அடியில் புதைப்பார். கொத்துக் கொத்தாகப் பூக்குமே?

கொல்லைப்புறம்:
தரையில் சரிதான். மண்புழு இருக்கும், வேரும் விலகிப் போக இடம் உண்டு. தொட்டியில் அதற்கு எங்கே இடம்?

பதியன்:
முட்டை ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நொறுக்கிப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், மாவாக அரைத்தால்தான் கொஞ்சமாவது கரையும். ஆனால் அது சுண்ணாம்பு, மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கும். ரோஜாவுக்கு லேசான அமிலத்தன்மை உள்ள மண்தான் பிடிக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் முட்டை ஓட்டைத் தவிர்ப்பதே நல்லது.

இன்னொன்று, நர்சரி ரோஜாவை வேறொரு ரோஜாவின் தண்டில்தான் ஒட்டியிருப்பார்கள்; அந்த ஒட்டுக்குக் கீழிருந்து கிளை வந்திருக்கிறதா பாருங்கள். அது அடிச்செடியின் கிளை. சத்தையெல்லாம் தின்றுவிட்டு, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பூவை மட்டும் தராது. அடியோடு கிள்ளிவிடுங்கள்.

மாடித்தோட்டம்:
ஒட்டுக்குக் கீழே ஒரு நீளக் கிளை இருக்கிறது! அதுதான் செழிப்பாக வளர்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இன்றே எடுத்துவிடுகிறேன். சரி, தினம் சேரும் தோலை என்ன செய்வது?

கொல்லைப்புறம்:
பழைய பக்கெட்டில் துளை போட்டு, ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. டீத்தூளை அலசிவிட்டுப் போடுங்கள். ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறினால் போதும். இரண்டு, மூன்று மாதத்தில் மண் வாசம் வரும். அப்போது ரோஜாவுக்குப் போடுங்கள்.