பாண்டியில் எங்கே தங்குவது: கடலைப் பார்த்த அறையா, நாலு தெரு தள்ளி வீடா?

அல்சூர்க்காரி:
டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு பாண்டிச்சேரி போகிறோம். நான், வீட்டுக்காரர், ஆறு வயசுப் பையன், மாமனார், மாமியார். பெங்களூர் அல்சூரிலிருந்து சொந்தக் கார். மாமியாருக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. ஆனால் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, கடற்கரைச் சாலையில் 'சீ வியூ' ஓட்டல். இன்னொன்று, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் பழைய திண்ணை வீடு, தரைத்தள அறை. மூன்றாவது வடக்கே செரினிட்டி பீச் பக்கம், வாசலைத் திறந்தால் மணல் என்கிறார்கள். எதை எடுக்கலாம்?

மடிவாளாவாசி:
கடற்கரைச் சாலை ஓட்டல்தான், யோசிக்கவே வேண்டாம். இங்கே வருஷம் பூராவும் எதிர்வீட்டுச் சுவரையும் சில்க் போர்டு நெரிசலையும் பார்த்துக்கொண்டு கிடக்கிறோம். முந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் அங்கேயும் சுவரைப் பார்க்கவா? பாண்டியில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். பால்கனியில் நாற்காலி போட்டால் உங்கள் மாமியார் ஒரு படி இறங்காமல் அதைப் பார்ப்பார். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை அந்தச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். பையனைப் பயமில்லாமல் ஓட விடலாம். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது கணக்குப் பார்க்கக் கூடாத செலவு இது.

ஃப்ரேசர்டவுன் அண்ணாச்சி:
வண்டி விட மாட்டார்கள் என்றீர்களே, அதைத்தான் இந்த அம்மா முதலில் கவனிக்க வேண்டும். பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பி வழியில் சாப்பிட்டு ஊர் போய்ச் சேரும்போது ஆறு மணி தாண்டிவிட்டால், கார் ஓட்டல் வாசலுக்குப் போகாது. பின்பக்கத் தெருவில் வழி இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். மூட்டுவலிக்காரரை அங்கே இறக்கி நடத்திக் கூட்டிப்போவது லேசில்லை.

அடுத்து, அந்தச் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது கருங்கல் பாறை. சாலையின் பெரும்பகுதியில் கால்கூட நனைக்க முடியாது. 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவருக்குத் தெற்கே அது தேங்கிவிட்டது, வடக்கே இருந்த நகரத்துக் கடற்கரை அரித்துப்போனது. 2018 வாக்கில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகு, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான். இதற்கா இரட்டை வாடகை? 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு இரவு வாடகை 7500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. ஆண்டுக் கடைசியில் கடல் பார்த்த அறை எந்தப் பக்கம் விழும் என்று நீங்களே பாருங்கள். திண்ணை வீட்டை எடுங்கள். பத்து, பதினைந்து நிமிட நடையில் கடல். அம்மாவுக்கு ஆட்டோ.

மடிவாளாவாசி:
அண்ணாச்சி, நீங்கள் சொல்வது தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு. அந்த அம்மா கேட்டது உட்கார்ந்து பார்க்க. ராத்திரி மூன்று மணிக்கு மூட்டு வலித்துத் தூக்கம் கலைந்தால் ஆட்டோ கூப்பிட்டா கடலுக்குப் போவார்? என் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த வருஷம் அப்படி ஒரு அறையில் தங்கினோம். அவர் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. வீட்டில் யாரோடும் பேசாதவர் அங்கே மீன்பிடிப் படகு விளக்குகளை எண்ணி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை 18 சதவீதத்தில் அடக்க முடியாது.

மணல்வீடு:
பையனைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. ஆறு வயசுப் பிள்ளைக்குக் கடல் என்றால் மணல். பாறையைக் காட்டி "இறங்காதே, இறங்காதே" என்று கத்திக்கொண்டே இருக்கத்தான் போகிறீர்கள். செரினிட்டி பக்கம் போங்கள். காலையில் படகு கரையேறும், வலையிலிருந்து மீன் உதிர்க்கிறதைக் கிட்டத்தில் நின்று பார்ப்பான். அறையெல்லாம் பெரும்பாலும் தரைத்தளம், அம்மாவுக்கும் சௌகரியம்.

வீராம்பட்டினத்துக்காரன்:
நான் பிறந்தது பாண்டிக்குத் தெற்கே மீனவ ஊரான வீராம்பட்டினம், வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில். ஆடியில் செங்கழுநீர் அம்மன் தேருக்குத் தவறாமல் ஊருக்குப் போய்விடுவேன். 'வாசலில் மணல்' என்று விளம்பரம் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அண்ணாச்சி சொன்ன மணல் நகர்ச்சி நகரத்தோடு நிற்கவில்லை. நகரத்தின் முன்னால் பாறை கொட்டியதும் அரிப்பு வடக்கே தள்ளிப்போனது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரைக்கும் வீடுகள் போயிருக்கின்றன. கூகுள் எர்த்தில் பழைய வருஷங்களின் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. நீங்கள் எடுக்கப்போகும் வீட்டின் கூரையைக் குறித்துக்கொண்டு வருஷம் வருஷமாகத் தள்ளிப் பாருங்கள். கரை அந்தக் கூரையை நோக்கி வருவது உங்கள் கண்ணுக்கே தெரியும். விளம்பரத்துப் படம் எந்த வருஷத்தில் எடுத்தது என்று யார் சொல்வார்கள்?

டிசம்பர் கடைசி என்கிறீர்கள். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 காலையில், கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே. புத்தாண்டுக்கு அறை போட்டவர்கள் எல்லாம் மின்சாரம் இல்லாமல் கிடந்தார்கள். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு வந்தது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வருஷா வருஷம் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாதத்தில் கடல் அடங்கியிருக்காது, குழந்தையை முழங்கால் தண்ணீருக்கு மேல் விடவே கூடாது. காலுக்கடியில் மணலை இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் மேலே நின்று பார்த்தால் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. மணலில் மதில் எழுப்பினால் நாங்கள் படகை எங்கே ஏற்றுவது, வலையை எங்கே காயப்போடுவது? கரை ஏற்கெனவே ஒடுங்கிவிட்டது. மிச்சமிருக்கும் பத்தடியில் நாற்காலியும் குடையும் போட்டு 'தனியார் கடற்கரை' என்று பலகை வைக்கிறார்கள். அங்கே கொடுக்கும் வாடகை அந்த மதிலுக்குத்தான் போகிறது.

மணல்வீடு:
எல்லாரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் அண்ணா. அங்கே மீனவக் குடும்பங்களும் மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகின்றன. மீன் குறைந்த வருஷத்தில் அந்த வாடகையில்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள். யாரும் போகாதீர்கள் என்றால் முதலில் அடிபடுவது அவர்கள்.

வீராம்பட்டினத்துக்காரன்:
அவர்கள் வீடு ஊருக்குள் இருக்கிறது தம்பி, மணல்மேல் இல்லை. அங்கே தாராளமாகத் தங்கட்டும், நான் சந்தோஷப்படுவேன். மதில் வேறு, வீடு வேறு. ஆனால் மாடியில் அறை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், இந்த அம்மாவுக்கு அது ஆகாது. பையனுக்கு மணல் வேண்டுமென்றால் பகலில் தெற்கே சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். சுத்தமான, வசதியான கடற்கரைக்குக் கொடுக்கும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021ல் வாங்கிய கரை. கழிப்பறையும் குளிக்கத் தண்ணீரும் இருக்கும். துறைமுகத்துக்குத் தெற்கே இருப்பதால் மணலும் இருக்கிறது.

அல்சூர்க்காரி:
எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு உட்கார்ந்து போன் போட்டேன். திண்ணை வீட்டில் தெருவிலிருந்து திண்ணைக்கு நாலு படி, கைப்பிடி கிடையாது. தரைத்தளம் என்றதும் படியே இருக்காது என்று நினைத்திருந்தேன். கழிப்பறை முற்றத்தைத் தாண்டி. ஓட்டலில் லிஃப்ட் இருக்கிறது. 'சீ வியூ' என்று போட்டிருந்த அறையின் பால்கனியில் நின்று வீடியோ அனுப்பச் சொன்னேன். கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தால் பக்கத்துக் கட்டடத்துக்கும் தென்னைக்கும் இடையில் ஒரு கீற்று நீலம். நேரே கடலைப் பார்த்த அறைக்குத் தனி விலை.

ஃப்ரேசர்டவுன் அண்ணாச்சி:
வீடியோ கேட்டது ரொம்ப நல்லது. நாலு படி, கைப்பிடி இல்லை என்றால் நான் சொன்ன வீட்டை விட்டுவிடுங்கள். அதற்காகக் கடற்கரைச் சாலை என்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே, லிஃப்ட் உள்ள சாதாரண ஓட்டல் பாருங்கள். பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகாமலும் இருக்கும்.

மடிவாளாவாசி:
துருவுக்குப் பயந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான். மேடம், நேர் பார்த்த அறையையே எடுங்கள். வார நாளில் இரண்டு இரவு போதும், சனி ஞாயிறை விடுங்கள்.

அல்சூர்க்காரி:
மாமியாரையே கேட்டுவிட்டேன். "ஒரு ராத்திரி போதும், ஆனா நேரா தெரியணும்" என்றார். செவ்வாய் இரவு நேர் பார்த்த அறை, மற்ற இரண்டு இரவு அண்ணாச்சி சொன்ன மாதிரி உள்ளே. புயல் எச்சரிக்கை வந்தால் பணம் முழுசாகத் திரும்பும் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். புதன் காலை ஈடன். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகப் போகலாமா?

வீராம்பட்டினத்துக்காரன்:
போகலாம். செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், அப்புறம் பாண்டி. நீங்கள் கிளம்பும் நாள் பௌர்ணமியா என்று மட்டும் காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையைத் தாண்டவே பொழுது போய்விடும், ஆறு மணிக்குள் ஓட்டல் வாசலில் நிற்க முடியாது.