ஏரிக்கரை நடுகல்லில் மைதா மாவு தடவியது யார் கொடுத்த உரிமை?

ஏரிக்கரை மகன்:
எங்கள் ஊர் வரலாற்று மன்றத்தார் நேற்று படத்தோடு ஒரு பதிவு போட்டிருக்கிறார்கள். "ஏரிக்கரையில் கேட்பாரற்றுக் கிடந்த பல்லவர் கால நடுகல்லைக் கண்டுபிடித்து, சுத்தம் செய்து, மைதா மாவு தடவி எழுத்துகளை வாசித்தோம்" என்று எழுதியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கண்டுபிடித்தார்களாம்! இறந்துபோன வீரனுக்கு நட்ட அந்தக் கல்லை வேடியப்பன் சாமி என்று சொல்லி எங்கள் பங்காளிகள் தாத்தன் காலத்திலிருந்து பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். சரி, அது போகட்டும். மைதா மாவை ஏன் தடவினீர்கள்? யாரைக் கேட்டுத் தடவினீர்கள்? காலையில் போய்ப் பார்த்தேன். வில் பிடித்த கைக்கு மேலே இருக்கும் வரிகள் முழுக்க மாவு அப்பிக் கிடக்கிறது. பனியில் நனைந்து பசையாகிவிட்டது. கட்டெறும்பு சாரை சாரையாக வீரன் முகத்தில் ஏறுகிறது. பெற்றவன் முகத்தில் இப்படி எறும்பு ஏறினால் பார்த்துக்கொண்டு நிற்பீர்களா?

மன்றத்து ஆள்:
ஐயா, ஆத்திரப்படாமல் கேளுங்கள். எழுத்து தேய்ந்து போயிருந்தது. மாவு தடவினால்தான் பள்ளத்தில் வெள்ளையாக நின்று படத்தில் தெரியும். எல்லாரும் செய்வதுதான். மைதா என்ன அமிலமா, கல்லைத் தின்ன?

ஏரிக்கரை மகன்:
எல்லாரும் செய்தால் சரியாகிவிடுமா? நான் கேட்டது ஒரே கேள்வி. மைதாவை யாரைக் கேட்டுத் தடவினீர்கள்?

கல்லெழுத்து:
நான் அந்த ஊர்க்காரன் இல்லை. ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் கல் பார்க்க அடிக்கடி வருகிறவன். மைதா தடவியது தப்பு. மாவு கல்லின் நுண்துளைக்குள் போய்விடும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சி வரும், அதைத் தேய்த்து எடுக்கிறேன் என்று இன்னொருவர் கம்பி பிரஷ்ஷோடு வருவார், எழுத்து அதோடு போயிற்று. மாவு தேவையே இல்லை. இருட்டின பிறகு ஒரு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். நடுப்பகலில் கண்ணுக்கே தெரியாத கீறல்கூட நிழல் விழுந்து எழும்பி நிற்கும். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் மைப்படி இருக்கிறது, அதாவது எழுத்தைத் தாளில் அப்படியே படி எடுப்பது. தண்ணீர் விட்டுக் கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்துத் தாளை எழுத்துக்குள் இறக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததும் மை ஒற்றி எடுத்தால், கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக நிற்கும். அந்தத் தாள் இருந்தால் நாளைக்கு வேறொருவர் சரிபார்க்கலாம். மாவு தடவி எடுத்த படத்தில், நீங்கள் எந்தக் கோட்டில் மாவு வைத்தீர்களோ அதுதான் எழுத்து.

மன்றத்து ஆள்:
பாடம் எடுத்ததற்கு நன்றி சார். மைப்படி எடுக்க ஆள் அனுப்புங்கள் என்று நாங்கள் மனு கொடுத்துக் காத்திருந்தோம், ஒருவரும் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்கிறீர்களா?

மேலத்தெரு மருமகள்:
மன்றத்துத் தம்பிகள் ஒரேயடியாகத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஏரி தூர் வாரும்போது ஜேசிபி அந்தக் கல்லை ஒட்டி வந்தது. அன்றைக்கு வண்டிக்குக் குறுக்கே போய் நின்றது அவர்கள்தான். பங்காளிகள் யாரும் வரவில்லை.

ஏரிக்கரை மகன்:
அக்கா, அன்றைக்கு நான் சாவு வீட்டில் இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே எழுதுகிறீர்கள். வண்டியை நிறுத்தியவர்கள் கல்லுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்களா? நிறுத்தினார்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். மைதா தடவியதற்கு அது பதில் இல்லை.

மன்றத்து ஆள்:
மைதா மைதா என்கிறீர்களே, நீங்கள் வருஷா வருஷம் எண்ணெய் ஊற்றி மஞ்சள் அப்பி வைத்திருக்கிறீர்களே, அது மட்டும் கல்லுக்கு நல்லதா? நாங்கள் கழுவும்போது எண்ணெய்ப் பிசுக்கு பொருக்குப் பொருக்காக உரிந்து வந்தது. அதற்கு அடியில்தான் எழுத்தே இருந்தது.

ஏரிக்கரை மகன்:
சாமிக்கு எண்ணெய் வைப்பதும் நீங்கள் படம் எடுக்க மாவு தடவுவதும் ஒன்றா? எண்ணெய் வைத்த கைதான் இத்தனை காலம் அந்தக் கல்லை நிற்க வைத்தது. கும்பிடாத கல்லெல்லாம் என்ன ஆயிற்று? துணி துவைக்கப் போயிற்று, மதகுக்குப் படியாகப் போயிற்று. எங்கள் கல் நிற்கிறதென்றால் வேடியப்பன் என்ற பெயரால் நிற்கிறது.

கல்லெழுத்து:
இதில் அவர் சொல்வது நியாயம். இந்தப் பக்கத்து நடுகற்களில் பல வேடியப்பனாக வழிபாட்டில் இருந்ததால்தான் தப்பின. ஆனால் எண்ணெயும் கெடுதல்தான்.

ஏரிக்கரை மகன்:
நீங்களுமா? உங்களை நல்லவர் என்று நினைத்தேன்.

செங்கம் பையன்:
கல்லில் நாய் இருக்கிறதாமே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

மன்றத்து ஆள்:
ஆமாம் தம்பி, அதுதான் முக்கியமான செய்தி. வீரனின் காலடியில் நாய் செதுக்கியிருக்கிறது. இதே பக்கத்து எடுத்தனூர் நடுகல் தெரியுமல்லவா? பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவனுக்கு எடுத்த கல்லில், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயர் கோவிவன் என்றே வெட்டியிருக்கிறார்கள். எங்கள் கல்லும் அதற்கு இணையானது.

கல்லெழுத்து:
இணையானது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எடுத்தனூர்க் கல்லில் நாயைப் பற்றி எழுத்திலேயே இருக்கிறது. 1972இல் வந்த ‘செங்கம் நடுகற்கள்’ நூலைப் பாருங்கள். உங்கள் படத்தில் இருப்பது பன்றி மாதிரித் தெரிகிறது. பிடரி மயிர் சிலிர்த்து நிற்கிறது, வால் குட்டை. பன்றி வேட்டையில் இறந்தவர்களுக்கும் கல் எடுத்திருக்கிறார்கள்.

மன்றத்து ஆள்:
பன்றியா? மாவு தடவியது தப்பு என்ற நீங்கள், அதே மாவுப் படத்தை வைத்துப் பன்றி என்கிறீர்கள்.

கல்லெழுத்து:
மாவு எழுத்தில்தானே தடவினீர்கள்? பன்றி மேல் தடவவில்லையே.

ஏரிக்கரை மகன்:
என் பாட்டன் நாய் என்றார். நாய்தான். வெளியூரிலிருந்து வந்து எங்கள் வேடியப்பன் காலடியில் பன்றியைக் கட்டாதீர்கள். மைதாவுக்குப் பதில் எங்கே?

செங்கம் பையன்:
பல்லவர் காலம் என்பதாவது உறுதியா?

மன்றத்து ஆள்:
வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

கல்லெழுத்து:
வட்டெழுத்து இருந்தால் பல்லவர் காலம் என்று முடிவு கட்ட முடியாது. இந்தப் பகுதி நடுகற்களில் சோழன் முதலாம் பராந்தகன் காலத்திலும், அதாவது 10ஆம் நூற்றாண்டிலும், வட்டெழுத்து உண்டு. அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முதல் வரியில் வரும். உங்கள் பதிவில் முதல் வரியைக் காணோம், "பட்டான் கல்", அதாவது இறந்தவனின் கல், என்ற கடைசி வரி மட்டும் இருக்கிறது. அரசன் பெயரை வாசித்தீர்களா, இல்லையா?

மன்றத்து ஆள்:
முதல் வரி சிதைந்திருக்கிறது.

ஏரிக்கரை மகன்:
சிதைந்திருந்ததா, நீங்கள் கழுவும்போது சிதைந்ததா? என் கல்யாணத்தின்போது அந்த வரியை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். நன்றாக நெருடியது.

மன்றத்து ஆள்:
வாய்க்கு வந்ததை எழுதாதீர்கள் ஐயா. தென்னை நார்தான் போட்டோம், அதுவும் தண்ணீரில் ஊறவைத்து. அங்கே நின்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மேலத்தெரு மருமகள்:
நான் பார்த்தேன். நார்தான்.

ஏரிக்கரை மகன்:
நீங்கள் அவர்கள் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். உங்கள் மாமனார் பெயரைத்தானே அறிவிப்புப் பலகையில் முதலில் போட்டிருக்கிறார்கள்?

மேலத்தெரு மருமகள்:
பெயரைப் பற்றிப் பேசலாமா? கல்லுக்கு மேல் தகரக் கொட்டகை போடப் பணம் கேட்டு வந்தபோது, வெயிலும் மழையும் வேடியப்பனுக்குப் புதுசா என்று கேட்டு அனுப்பியவர் யார்? என் மாமனார் கொடுத்தார், பெயர் வந்தது.

செங்கம் பையன்:
இவ்வளவு சண்டைக்கு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்துவிடலாமே.

ஏரிக்கரை மகன்:
வைத்துப் பாருங்கள்!

மன்றத்து ஆள்:
இதில் நானும் அவரோடுதான். கல் ஏரிக்கரையை விட்டு நகராது. அது நிற்கும் இடமும் வரலாறுதான்.

ஏரிக்கரை மகன்:
என்னோடு சேர்ந்துகொண்டு தப்பிக்கப் பார்க்காதீர்கள். பலகையில் "கண்டுபிடித்தவர்கள்" என்று எழுதியதை அழியுங்கள். மாவை நார் போடாமல், வெறும் தண்ணீரால், எங்கள் ஆட்கள் முன்னால் கழுவுங்கள். அப்புறம் பேசலாம்.

மன்றத்து ஆள்:
பலகை வைக்க ஊராட்சியில் தீர்மானம் போட்டிருக்கிறது. அதை அழிக்க நீங்கள் சொன்னால் போதாது.

கல்லெழுத்து:
தயவுசெய்து யாரும் கழுவாதீர்கள். ஈரத்தோடு மாவு இன்னும் உள்ளே போகும். காயவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

ஏரிக்கரை மகன்:
எங்கள் சாமியை எப்போது குளிப்பாட்ட வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம் சார். ஞாயிற்றுக்கிழமை குடத்தோடு வருகிறோம். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

மன்றத்து ஆள்:
நாங்களும் அங்கேதான் இருப்போம்.