பூட்டிக் கிடக்கும் மாமியார் வீடு: இந்த விலைக்குக் கொடுத்துவிடலாமா?

காரைக்கால் மருமகள்:
பிரான்சின் ஆட்சியில் உள்ள நம் ரீயூனியன் தீவில் சொத்து வாங்கி விற்று அனுபவப்பட்டவர்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். என் மாமியார் 2019 மார்ச்சில் காலமானார். சேந்த் சூசான் மேட்டில், கரும்புக் காட்டை ஒட்டி இருக்கும் அவருடைய வீடு அன்று முதல் என் கணவர், மூத்தார், நாத்தனார் மூவருக்கும் பிரிக்காத கூட்டுச் சொத்தாக இருக்கிறது. நாங்கள் தீவின் தலைநகர் சேன் தெனியில் இருக்கிறோம். மூத்தார் பிரான்சில் லியோனில், நாத்தனார் அங்கேயே துலூசில்.

பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு தரகு நிலையத்தில் 2 லட்சத்து 35 ஆயிரம் யூரோ என்று விலை போட்டுக் கொடுத்தோம். இதுவரை வந்து பார்த்தவர்கள் நான்கே பேர். சென்ற வாரம் அவர்களில் ஒருவர் 1 லட்சத்து 88 ஆயிரத்துக்கு எழுத்து மூலம் கேட்டிருக்கிறார். பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிறு போய்க் கதவு சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வருகிறோம். உள்ளே கால் வைத்ததும் பூஞ்சை வாடை முகத்தில் அடிக்கிறது. சென்ற முறை மாமியாரின் அலமாரியைத் திறந்தேன். அவர் மடித்து வைத்த பட்டுச் சேலையின் மடிப்பு ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 2025 பிப்ரவரி 28இல் கராஞ்சு புயல் அடித்தபோது சமையற்கட்டின் கூரைத் தகடுகள் மூன்று பறந்துவிட்டன. நிலவரி, குடியிருக்காத வீட்டுக்கான வரி, காப்பீடு, புல் வெட்டும் கூலி எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 3,400 யூரோ ஆகிறது. மூத்தார் விற்கச் சொல்கிறார், நாத்தனார் கூடாது என்கிறார், என் கணவர் வாயே திறப்பதில்லை. நான் வெளியிலிருந்து வந்தவள். ஆனால் சாவி என் கையில் இருக்கிறது.

வடக்குக் காற்று:
கொடுத்துவிடுங்கள் அக்கா. 2 லட்சத்து 35 ஆயிரம் என்பது தரகர் சொன்ன எண். அந்த எண்ணுக்குப் பதினான்கு மாதமாக ஆள் இல்லை. கையில் கடன் ஒப்புதலோடு வந்து நிற்பவர் சொல்வதைத்தான் விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குபவர் பக்கத்திலிருந்து பாருங்கள். மாதம் 900 யூரோ வீதம் 20 வருடம் கட்டக்கூடிய ஒரு குடும்பம். 2021இல் வட்டி ஒரு சதவீத அளவில் இருந்தபோது அவர்களுக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 95 ஆயிரம் கடன் கிடைத்திருக்கும். 2023 இறுதியில் வட்டி நான்கைத் தாண்டியது. அதே 900 யூரோவுக்கு 1 லட்சத்து 48 ஆயிரம்கூடக் கிடைக்கவில்லை. இப்போது மூன்றுக்குச் சற்று மேலே இருக்கிறது, 1 லட்சத்து 60 ஆயிரம் வரை வரும். இதற்கு மேல் பழைய வீடென்றால் பத்திரச் செலவாக விலையில் ஏழெட்டு சதவீதம் அவர்கள் தலையில் விழுகிறது. உங்கள் வீட்டின் மேல் யாருக்கும் வெறுப்பில்லை. அவர்களால் எட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

லீச்சி மரத்தடி:
தம்பியின் கணக்கை நான் ஏற்கவில்லை. கேட்ட விலைக்கும் சொன்ன விலைக்கும் 47 ஆயிரம் வித்தியாசம். வருடச் செலவு 3,400. அப்படியானால் இன்னும் பதின்மூன்று வருடம் வைத்திருந்தாலும் அந்த 47 ஆயிரத்தைத் தாண்டாது. வட்டி ஏறியது போல இறங்கவும் செய்யும். பதினைந்து நாள் கெடு வைத்து ஒருவர் நெருக்குகிறார் என்பதற்காக நாம் ஏன் ஓட வேண்டும்?

இந்தத் தீவின் மொத்தப் பரப்பே சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். அதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தேசியப் பூங்கா. மிச்சத்தில் எரிமலைச் சரிவு, பள்ளத்தாக்கு, கரும்பு. வீடு கட்டக்கூடிய மண் இனிமேல் பிறக்கப்போவதில்லை. நம் ஆட்கள் ஒப்பந்தம் எழுதிக் கப்பலேறி வந்து, முதலாளி கொடுத்த கொட்டடியில் படுத்து, அடுத்தவன் கரும்பை வெட்டினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் தம் பெயரில் ஒரு துண்டு மண் வாங்க எத்தனை தலைமுறை ஆனது! அதை மூன்று பேர் பங்கு போட்டால் ஆளுக்கு அறுபதாயிரம் சொச்சம் கிடைக்கும். லியோனில் அது ஒரு கார் நிறுத்துமிடத்துக்கும் சமையலறை மராமத்துக்கும் கரைந்துபோகும்.

இன்னொன்று, மாமனார் வாங்கி முப்பது வருடம் தாண்டியிருக்குமே. எப்போது விற்றாலும் லாப வரி கிடையாது. அவசரமே இல்லை.

பழைய குமாஸ்தா:
நொத்தேர், அதாவது சொத்துப் பத்திரம் எழுதி முடிக்கும் சட்ட அதிகாரி, அவர் அலுவலகத்தில் பத்திரம் தட்டச்சு செய்தே என் வேலைக்காலம் முழுவதும் போனது. அதனால் ஒரு திருத்தம். மாமனார் வாங்கிய தேதி கணக்கில் வராது. வாரிசுச் சொத்தில் இறப்புத் தேதியிலிருந்துதான் வருடம் எண்ணுவார்கள். 2019 என்றால் ஆறு வருடம் முடிந்திருக்கிறது. வருமான வரிப் பங்கு நீங்க 22 வருடமும், சமூகப் பங்களிப்பு நீங்க 30 வருடமும் வேண்டும். குடியிருக்கும் வீடாக இருந்தால் விலக்கு உண்டு, இது அப்படி இல்லை. லாபத்தில் வருமான வரியாக 19 சதவீதமும் சமூகப் பங்களிப்பு என்ற வரியாக 17.2 சதவீதமும் பிடிப்பார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் சிறு கழிவு உண்டு.

ஆனால் அம்மா, பயப்படாதீர்கள். வாரிசுக் கணக்கில் அன்று காட்டிய மதிப்புக்கு மேல் கிடைப்பதுதான் லாபம். அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். 1 லட்சத்து 80 ஆயிரம் என்று எழுதியிருந்தால் 188க்கு விற்பதில் வரி ஒன்றும் பெரிதாக வராது. குறைத்து எழுதியிருந்தால் இப்போது வலிக்கும்.

கரும்புக் காட்டை ஒட்டி என்கிறீர்கள். நகராட்சித் திட்டத்தில் அந்த மனை குடியிருப்புப் பகுதியா, விவசாயப் பகுதியா? விவசாயப் பகுதி என்றால் புதிதாக ஓர் அறை கட்டுவதே பெரும்பாடு, வாங்குபவர் அதனால்தான் தயங்குவார். நொத்தேர் சஃபேருக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டியிருக்கும். விவசாய நிலத்தைக் காக்கும் அந்த அமைப்புக்குப் பதில் சொல்ல இரண்டு மாத அவகாசம் உண்டு. மலக்குழித் தொட்டி விதிப்படி இல்லையென்றால் விற்ற ஒரு வருடத்துக்குள் வாங்கியவரே சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவையும் மனத்தில் கழித்துத்தான் விலை கேட்பார்.

லீச்சி மரத்தடி:
வரி விஷயத்தில் நான் சொன்னது தவறு. ஐயாவுக்கு நன்றி. ஆனால் அதுவே என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது. பொறுத்தால் கழிவு வருடா வருடம் கூடுகிறது. வாடகைக்கு விடுங்கள், செலவாவது திரும்பி வரும்.

சலாசிக்காரி:
வாடகை பற்றி என் அனுபவம். பெற்றோரின் வீட்டைச் சாமான் இல்லாமல் வாடகைக்கு விட்டேன். அப்படி விட்டால் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்குக் குறையாது. இரண்டாம் வருடத்தில் வாடகை நின்றது. புயல் மாதங்களில் ஆளை வெளியேற்றவும் முடியாது. ஒன்றரை வருடம் அலைந்தேன். ஆனாலும் வருந்தவில்லை. அடுப்பு எரிந்தது, தரை கூட்டப்பட்டது, ஒழுகிய அன்றே எனக்குத் தொலைபேசி வந்தது. அவர்கள் போனபிறகு சுவரில் ஈரம் இல்லை. பக்கத்துத் தெருவில் பூட்டியே வைத்திருந்த என் சித்தப்பா வீட்டில் இப்போது கூரை வழியே கொய்யா மரம் நிற்கிறது.

வடக்குக் காற்று:
லீச்சி அண்ணனின் பதின்மூன்று வருடக் கணக்குக்கு வருகிறேன். 3,400 என்பது வீட்டை வைத்திருக்கும் செலவு. வீடு அழிவதற்கான செலவு அதில் இல்லை.

பிரா பனோனில் எங்கள் பாட்டி வீடு. கூரை ஓரத்தில் தகட்டில் வெட்டிய பூவேலைத் தொங்கல், பச்சை வண்ணக் கதவு, முற்றத்தில் வனிலாக் கொடி. எங்களுக்கும் நல்ல விலை வரும் என்று ஐந்து வருடம் காத்திருந்தோம். ஒருநாள் ஓர் ஆளை அழைத்துப்போய்க் காட்டும்போது வாசல் நிலைக்கு மேலிருந்த உத்தரத்தில் கை வைத்தேன். விரல் அப்படியே உள்ளே போய்விட்டது. வெளியே வண்ணம் மினுங்குகிறது, உள்ளே ஒன்றுமில்லை, கரையான். இந்தத் தீவு முழுவதும் கரையான் பகுதி என்று அரசே அறிவித்திருக்கிறது. வந்தவர் என் விரலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், நன்றி சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் வெறும் மனையாக விற்றோம். வாங்கியவர் ஒரு காலையில் இயந்திரம் கொண்டுவந்து இடித்தார். அந்த வீட்டை நேசித்தேன் அண்ணா. காத்திருந்ததால்தான் அதைக் கொன்றேன்.

லீச்சி மரத்தடி:
தம்பி, உன் பாட்டி வீட்டுக்காக வருந்துகிறேன். நானும் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. மூன்று பங்காளிகளில் ஒருவர் அரை மணி தூரத்தில் சேன் தெனியில் இருக்கிறார். வாரக் கடைசியில் அங்கே போய்த் தங்கட்டும், அடுப்பு எரியட்டும். அது முடியாத காரியமா?

காரைக்கால் மருமகள்:
முடியாது அண்ணா. என் கணவருக்கு இரண்டு முறை இதயச் சிகிச்சை ஆகிவிட்டது. அந்த மேட்டுப் படிகளை அவரால் ஏற முடிவதில்லை. புல் வெட்டுபவரிடம் சாவியைக் கொடுப்பதும் அடைக்கப் போவதும் நான்தான். எனக்கும் ஐம்பத்தெட்டு.

நேற்று நாத்தனாரிடம் நெடுநேரம் பேசினேன். அவருக்குப் பணமும் வேண்டாம், வீடும் வேண்டாம். கொல்லையில் லீச்சி மரத்துக்குப் பக்கத்தில் மாமனார் வைத்த மதுரைவீரன் இருக்கிறார். இங்குள்ளவர்கள் மார்தேவிரன் என்பார்கள். முழங்கால் உயரக் கல், சிவப்புத் துணி, ஒரு சூடத்தட்டு. சிறுவயதில் காய்ச்சல் வந்தபோது அப்பா தன்னைத் தூக்கிப்போய் அந்தக் கல்லின் முன்னால் கிடத்தினார் என்று சொல்லி அழுதார். அறிமுகமில்லாத ஒருவர் கொல்லையில் அதை எப்படி விட்டுவிட்டுப் போவது? ஆறு வருடமாக அவர் கையெழுத்துப் போடாததற்கு இதுதான் காரணம். யாருமே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய குமாஸ்தா:
சொன்னீர்களே, நல்லது. இப்படிப்பட்ட இடத்தில் சட்டத்தைக் காட்டி நெருக்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2018 டிசம்பர் 27ஆம் தேதிச் சட்டப்படி, கடல்கடந்த பகுதிகளில் நெடுங்காலம் தீராமல் கிடக்கும் வாரிசுச் சொத்தைப் பாதிக்கு மேல் பங்குள்ளவர்கள் நொத்தேர் வழியாக விற்க முற்படலாம். மற்றவர் எதிர்த்தால் நீதிமன்றம் போக வேண்டும். உங்கள் மூத்தார் அந்தப் பேச்சை எடுத்தால் தடுத்துவிடுங்கள். பிறகு அண்ணன் தங்கை என்ற உறவு இருக்காது.

லீச்சி மரத்தடி:
விற்பதில் எனக்கு இன்னமும் சம்மதமில்லை தங்கச்சி. இருந்தாலும் கல்லைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கள் குடும்பத்திலும் ஒரு முனீஸ்வரனை இடம் மாற்றினோம். பூசாரி நாள் குறித்துக் கொடுத்தார், சேவல் கொடுத்தோம், அடியில் இருந்த மண்ணையும் ஒரு பிடி சேர்த்து எடுத்தோம், கோயில் வளாகத்தில் ஒரு மூலையில் வைத்தோம். பெற்ற பிள்ளை கையால் எடுத்தால் குறையில்லை என்றார் பூசாரி. நாத்தனார் நேரில் வர வேண்டும். அவர் இல்லாமல் தொடாதீர்கள்.

காரைக்கால் மருமகள்:
எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வாரிசுத் தாளைத் தேடி எடுத்தேன். 1 லட்சத்து 82 ஆயிரம் என்று இருக்கிறது. மனை குடியிருப்புப் பகுதியில்தான் வருகிறது, நகராட்சி அலுவலகத்தில் போய் வரைபடத்தையே பார்த்துவிட்டேன். இதைச் சொல்லி, வாங்குபவரிடம் 1 லட்சத்து 97 ஆயிரம் கேட்டோம். அவர் 193க்கு வந்திருக்கிறார். கல்லை எடுக்கும்வரை கொல்லைப் பக்கம் எதையும் தொடமாட்டேன் என்று எழுதியும் கொடுத்தார். மூத்தார் சரி என்றுவிட்டார். நாத்தனார் டிசம்பருக்கு டிக்கெட் போட்டிருக்கிறார், லீச்சி பழுக்கும் நேரம். பறித்து முடித்தபிறகு பூசாரியை அழைப்போம் என்கிறார். என் கணவர் நேற்றிரவு முதல்முறையாக அந்த வீட்டைப் பற்றிப் பேசினார். அம்மாவின் சேலையை விற்பனையோடு விட்டுவிடாதே என்றார். அதை வெயிலில் காயவைத்திருக்கிறேன்.

லீச்சி அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த மண்ணை விடுவது எனக்கும் எளிதாக இல்லை.

குமாஸ்தா ஐயா, கரையான் சான்று ஜூலை 20இல் எடுத்தது. பத்திரம் ஜனவரி கடைசியில் முடியும் என்கிறார்கள். அது செல்லுமா?

பழைய குமாஸ்தா:
செல்லாது அம்மா. ஆறு மாதம்தான், ஜனவரி 20உடன் காலாவதி. டிசம்பரில் நாத்தனார் இருக்கும்போதே புதிதாக எடுத்துவிடுங்கள். வீட்டையும் நாலு நாள் திறந்து வைத்த மாதிரி இருக்கும்.