கார்ட்லெஸ் மிஷின் வாங்கப் போறீங்களா? பேட்டரியைக் கையில் தூக்கிப் பாருங்கள்

தண்டையார்பேட்டை ஏசி மெக்கானிக்:

பாரிஸ் கார்னர் பக்கம் லிங்கிச் செட்டித் தெருவில் போய் கார்ட்லெஸ் டிரில் கேட்டால் முதலில் மிஷினைத்தான் கையில் கொடுப்பார்கள். சக் சுத்துது பாருங்க, லைட் எரியுது பாருங்க, ரிவர்ஸ் இருக்கு பாருங்க என்பார்கள். பேட்டரியைப் பற்றி நாமாக வாயைத் திறந்தால்தான் பேச்சு வரும். ஆனால் நாம் கொடுக்கிற காசில் பெரும்பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான் போகிறது. நம்பாதவர்கள் அதே டிரில்லை பேட்டரி, சார்ஜர் இல்லாமல் பாடி மட்டும் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.

ஏசி மாட்டுகிற வேலையில் கார்ட்லெஸ் இல்லாமல் இனி என்னால் முடியாது. புது வண்ணாரப்பேட்டையில் மூன்றாவது மாடி சன்ஷேடில் நின்று அவுட்டோர் யூனிட் ஸ்டாண்டுக்கு ஆங்கர் ஓட்டை போடும்போது, ஜன்னல் வழியாக ஜங்ஷன் பாக்ஸ் வயரை இழுத்துவிட்டு, அது கால்ல மாட்டுதா, பக்கத்து வீட்டு கம்பியில் சிக்குதா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்வது உயிரோடு விளையாடுகிற விஷயம். வயர் இல்லை என்பது எனக்கு சொகுசு கிடையாது, பாதுகாப்பு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வோல்ட் குழப்பம். "உன்னுது 18, என்னுது 20" என்று சைட்டில் பசங்க சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கும். ஒரு செல்லுக்கு சராசரி 3.6 வோல்ட், ஆக 18. ஃபுல் சார்ஜில் ஒரு செல் 4.2 வரை ஏறும், அப்போது மொத்தம் 21. டிவால்ட் கம்பெனி அமெரிக்காவில் 20 மேக்ஸ் என்று போடுவதும் ஐரோப்பாவில் 18 என்று போடுவதும் அதே ஐந்து செல் சமாச்சாரம்தான். 12 வோல்ட் என்று வருகிற சின்ன மிஷினில் மூன்று செல், நிஜமாக 10.8. இன்டோர் யூனிட் கவர் கழட்ட, சுவிட்ச் போர்டு ஸ்க்ரூ முடுக்க அது போதும், கையும் வலிக்காது.

அப்புறம் பிளாட்பாரத்தில் வருகிற 48, 88 என்று பெரிய பெரிய நம்பர் போட்ட பேட்டரி பேக். ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம், உள்ளே அதே ஐந்து செல். ஸ்டிக்கரில் என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம், எடையில் அடிக்க முடியாது. 18650 என்கிற செல் 18 மில்லி தடிமன், 65 மில்லி நீளம், ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும். 5 ஏ.எச். (ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற கணக்கு) பேக் என்றால் பெரும்பாலும் 2.5 ஏ.எச். செல் பத்து, ஆக செல் மட்டுமே 450 கிராம் தாண்டணும், கூட்டோடு சேர்த்து 600 பக்கம் வரும். புது மாடலில் 21700 என்று தடிமனான செல் ஐந்து போட்டு 4 ஏ.எச். தருகிறார்கள், அது ஒன்றே 70 கிராம் பக்கம். 6 ஏ.எச். என்று எழுதிவிட்டு தராசில் 400 கிராம்கூட வராத பேக் பொய் சொல்கிறது. பக்கத்து மளிகைக் கடை தராசு போதும், வெட்கப்படாமல் வைத்துப் பாருங்கள்.

சுவரில் ஓட்டை போடுகிறவர்களுக்கு இன்னொன்று. சாதாரண டிரில்லில் இருக்கிற ஹேமர், செங்கல் சுவருக்கு சரி. பீம், தூண், சிலாப் என்று கான்கிரீட்டில் அது வெறும் சத்தம்தான் போடும், பிட் சிவந்துவிடும். எஸ்.டி.எஸ். பிட் (அடிக்கட்டையில் பள்ளம் வெட்டின பிட்) போடுகிற ரோட்டரி ஹேமர் வாங்குங்கள். அதில் உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்கி அடிக்கிறது, நாம் உடம்பைக் கொடுத்துத் தள்ள வேண்டியதில்லை. பைப் போகிற பெரிய ஓட்டைக்கு மட்டும் நான் இன்னமும் வயர் வைத்த கோர் மிஷின்தான் (சுவரை வட்டமாக அறுத்து எடுக்கிற மிஷின்). அதை பேட்டரியில் செய்யலாம், ஆனால் ஒரு ஓட்டைக்கே பேட்டரி மூச்சு வாங்கும்.

வியாசர்பாடி கிரில் பட்டறை:

அண்ணன் டிரில்லை வைத்துச் சொல்கிறார், நான் கிரைண்டரை வைத்துச் சொல்கிறேன். பேட்டரி எடுக்கும்போது உங்களிடம் இருப்பதிலேயே அதிகம் தின்கிற மிஷின் எதுவோ அதுக்கு ஏற்ற மாதிரி எடுங்கள். நாலு இஞ்ச் கிரைண்டர் லோடில் 700 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 18 வோல்ட்டில் அது 39 ஆம்ப். 2 ஏ.எச். சின்ன பேக்கில் ஐந்து செல் ஒரே வரிசை, அந்த 39 ஆம்பும் ஒவ்வொரு செல் வழியாகவும் போயாகணும். பத்து செல் பேக்கில் இரண்டு வரிசை இருப்பதால் பாதி பாதியாகப் பிரியும். சின்ன பேக்கை கிரைண்டரில் போட்டால் இரும்பு ஆங்கிள் பாதி வெட்டுவதற்குள் கட் ஆகி நிற்கும். மிஷின் கெட்டுப்போச்சு என்று நினைப்போம், பாவம் மிஷின் மேல் ஒரு தப்பும் இல்லை.

எங்கள் ஏரியாவில் ஒரு கடையில் பழைய பேக்குக்கு செல் மாற்றித் தந்தார்கள். பளபளவென்று இருந்தது. முதல் நாளே கிரைண்டரில் கையில் பிடிக்க முடியாத சூடு. பிரித்தால் லேப்டாப்பிலிருந்து கழட்டின செல். அளவு அதே 18650தான், ஆனால் லேப்டாப் செல் 5 ஆம்ப் பக்கம்தான் கொடுக்கும், டூல் செல் 20 ஆம்ப் கொடுக்கும். அதுவும் ஸ்பாட் வெல்டிங் இல்லாமல் நேராக ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள், அந்தச் சூடே செல்லைக் கெடுக்கும். செல் மாற்றுகிறவரிடம் என்ன செல், எத்தனை ஆம்ப், வெல்டிங் எப்படி என்று மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள்.

பிரஷ்லெஸ், அதாவது உள்ளே உரசுகிற கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் எடுத்தால் கார்பன் மாற்றுகிற வேலை கிடையாது, அதே சார்ஜில் கூடுதல் வேலையும் நடக்கும். காசு இருந்தால் அதுதான்.

காசிமேடு போட் வேலை:

எங்களுக்கு எதிரி உப்புக்காற்று. துறைமுகத்தில் ஃபைபர் போட்டுக்கு சாண்டிங், ஓட்டை எல்லாம் கார்ட்லெஸ்தான், தண்ணி பக்கத்தில் கரண்ட் வயரே வேண்டாம். ஆனால் பேட்டரி கழட்டினால் டெர்மினல் தகட்டில் பச்சையாகப் பூத்திருக்கும். காய்ந்த துணியில் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மூடி போட்டுத்தான் வைக்கணும். மூடி இல்லாமல் ஆணி, ஸ்க்ரூ கிடக்கிற பையில் போட்டால் ஷார்ட் ஆகும், விளையாட்டில்லை.

நீலம் பச்சை விஷயத்தையும் யாராவது சொல்லணும். பாஷ் கம்பெனியில் வேலைக்காரர்களுக்கான நீல மிஷின் பேட்டரி, வீட்டு உபயோகத்துக்கான பச்சை மிஷினில் ஏறாது. இரண்டும் 18 வோல்ட், ஒரே கம்பெனி, ஆனாலும் ஏறாது. வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று வாங்குகிறவர்கள் கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை ஏசி மெக்கானிக்:

போட் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. சூடு பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் மொட்டை மாடியில் வேலை முடிந்ததும் பேட்டரியை உருவி நேராக சார்ஜரில் போட்டால் லைட் மின்னிக்கொண்டே இருக்கும், ஏறாது. சார்ஜர் பழுதில்லை, பேட்டரி ஆறட்டும் என்று காத்திருக்கிறது. மகிட்டா கம்பெனியின் பெரிய சார்ஜரில் ஃபேன் இருக்கும், ஆற வைத்து ஏற்றும், 5 ஏ.எச். பேக் 45 நிமிடத்தில் நிரம்பும். மற்றபடி நிழலில் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும். வண்டி டிக்கியில் வெயிலில் பூட்டிவைக்காதீர்கள். வேலை இல்லாத மாதத்தில் ஃபுல்லாகவும் வைக்காமல் காலியாகவும் வைக்காமல் பாதி சார்ஜில் வையுங்கள்.

வீங்கின பேக்கைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். லாரியில் நசுங்கி கொடுங்கையூர் கிடங்கில் போய்த் தீப்பிடித்தால் புகையை சுவாசிப்பது நம்ம ஜனம்தான். 2022-இல் வந்த பேட்டரி கழிவு விதிப்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்வது தயாரிப்பாளர் பொறுப்பு. சர்வீஸ் சென்டரில் கேட்டு அங்கேயே கொடுத்துவிடுங்கள்.