சின்ன கிராஸ்ஓவர் வாங்கலாமா? இட்டேரியிலும் மலையிலும் ஓட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோபி, வாழைத்தோட்டம்:

எங்கள் தோட்டத்து வீட்டுக்குத் தார் ரோட்டிலிருந்து பிரிந்து முக்கால் கிலோமீட்டர் இட்டேரியில் போக வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் டிராக்டர் சக்கரம் ஓடி ஓடி எழும்பிய மேடு. 2012-ல் வாங்கிய சின்ன கார் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் நாலு பேர் ஏறினால் அந்த மேட்டில் அடியில் தட்டும். போன ஐப்பசி மழையில் மண் கரைந்து ஒரு கல் தலைதூக்கி இருந்ததைப் பார்க்கவில்லை, ஆயில் சேம்பரில் விரிசல். வாசலில் ஆயில் சொட்டியதை என் மனைவி பார்த்ததால் இன்ஜின் தப்பித்தது.

வீட்டில் ஆறு பேர். ஆத்தாவுக்கு 78 வயது, முழங்கால் தேய்மானம். மாதம் ஒரு தடவை ஈரோடு ஆஸ்பத்திரி, அப்பப்போ பண்ணாரி, வருஷத்தில் இரண்டு மூன்று முறை திம்பம் ஏறி சாம்ராஜ்நகர் சொந்தக்காரர் வீடு. ஒன்பது லட்சம் வரை போடலாம். மச்சான் கொஞ்சம் உயரமாக நிற்கிற கிராஸ்ஓவர்தான் என்கிறார், மனைவி அதே காசுக்கு வசதியான ஹேட்ச்பேக், அதாவது உயரம் குறைந்த சாதாரணச் சின்ன கார், வருமே என்கிறாள். விளம்பரமும் வீடியோவும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஓட்டுகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காங்கேயம், கொப்பரைக் களம்:

மூன்று வருஷமாக ஒன்று வைத்திருக்கிறேன், பட்டதைச் சொல்கிறேன். முதலில் ஒன்று, இந்த வண்டிகளெல்லாம் ஹேட்ச்பேக் காரின் உறவுகள்தான். ஃப்ரான்க்ஸ், எக்ஸ்டர், பஞ்ச் மூன்றும் கிராஸ்ஓவர்; பலேனோ, ஐ10 நியோஸ், அல்ட்ரோஸ் ஹேட்ச்பேக். பலேனோவின் அடித்தளத்தில் வந்ததுதான் ஃப்ரான்க்ஸ், எக்ஸ்டரும் ஐ10 நியோஸும் ஒரே அடித்தளம், பஞ்ச் அல்ட்ரோஸோடு பகிர்ந்துகொள்கிறது. பலேனோவுக்குத் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர், ஃப்ரான்க்ஸுக்கு 190, பஞ்சுக்கு 187, எக்ஸ்டருக்கு 185. ஆக நீங்கள் கூடக் காசு கொடுத்து வாங்குவது ஒரு விரல் கனம், இரண்டு விரல் கனம் உயரம். அதுவும் வண்டி காலியாக நிற்கும்போது அளந்த கணக்கு. அஞ்சு பேரும் ஒரு மூட்டையும் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி அதில் ஒரு பங்கு போய்விடும்.

ஆனாலும் அந்த ஒரு விரல் கனம்தான் தட்டுவதா தப்பிப்பதா என்று தீர்மானிக்கிறது, என் களத்துப் பாதையில் தினமும் பார்க்கிறேன். இன்னொன்று, நடுமேடு வேறு, வாய்க்கால் மேடு வேறு. உங்கள் ஊர் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் குறுக்கே ஏறி இறங்கினால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற வயிறு இடிக்கும். அங்கே சக்கரங்களுக்கு இடையே நீளம் குறைவான வண்டி சுலபமாகத் தாண்டும். பஞ்சுக்கு அது 2445 மில்லிமீட்டர், ஃப்ரான்க்ஸுக்கு 2520.

எங்கே ஏமாந்தேன் என்றால், உயரம் இருக்கிறதே என்று மழை பெய்த மறுநாள் களிமண்ணில் இறக்கிவிட்டேன். முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இந்த விலையில் கிடையாது. பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. அதற்கப்புறம் மழை நாளில் தார் ரோட்டு ஓரமாக நிறுத்திவிட்டு நடந்துதான் போகிறேன்.

திருப்பூர், பனியன் கம்பெனி:

வீடு, கம்பெனி, பெருமாநல்லூர் ரோடு, இதுதான் என் ஓட்டம். தாரை விட்டு நான் இறங்கியதே இல்லை. என்னைப் போல இருந்தால் ஹேட்ச்பேக் போதும் அண்ணா, மீதிக் காசை மருமகள் நகைக்குப் போடுங்கள்.

பொள்ளாச்சி, தென்னந்தோப்பு:

நீங்கள் திம்பம் ஏறுகிறவர் என்பதால் நீளமாகச் சொல்கிறேன். அது 27 கொண்டை ஊசி, எங்கள் வால்பாறைப் பாதையில் 40. ஆழியாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். என்னுடையது டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல். நானும் மனைவியும் மட்டும் போனால் ஒரு குறையும் இல்லை. போன சித்திரையில் அஞ்சு பேர், பின்னால் பை நிறைய, ஏசி வேறு. ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியர் திணறி முதல் கியருக்கு இறக்கித்தான் ஏறியது. அட்டகட்டி வருவதற்குள் எதிரே பஸ் வந்து ஒதுங்கி நின்று மறுபடி கிளப்பும்போது வண்டி ஒரு அடி பின்னால் நகர்ந்தது, என் தங்கச்சி கத்தியே விட்டாள். ஏற்றத்தில் கிளப்பும்போது பின்னால் நகராமல் பிடித்துக்கொள்கிற ஹில் ஹோல்டு இருக்கிற மாடலா என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

உயரமான வண்டி வளைவில் கொஞ்சம் சாயும். முன்னால் இருப்பவருக்குத் தெரியாது, பின்சீட்டில் இருந்த இரண்டு குழந்தைகளும் வாந்தி எடுத்தார்கள். இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் இரண்டாவது கியரிலேயே விட வேண்டும், அதை எங்கள் அப்பா ஜீப் காலத்திலேயே சொல்லிக் கொடுத்தார்.

பங்காளி வைத்திருக்கிற ஒரு லிட்டர் டர்போ ஃப்ரான்க்ஸை அதே பாதையில் ஓட்டினேன். என்னுடையது 113 நியூட்டன் மீட்டர் இழுவை, அது 148. வளைவு முடிந்து மிதித்தவுடன் ஏறுகிறது. ஆனால் வருஷத்தில் இரண்டு மூன்று தடவை மலை ஏறுவதற்கு அவ்வளவு காசு கூடக் கொடுப்பேனா என்றால் மாட்டேன், ஏசியை அணைத்துவிட்டு மெதுவாகப் போய்க்கொள்வேன்.

ஏஎம்டி எடுப்பதாக இருந்தால் ஒன்று. அதுவும் கிளட்ச் இருக்கிற கியர்பெட்டிதான், கிளட்சை மிதிக்கிற வேலையை இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் வண்டியை ஆக்சிலரேட்டரிலேயே நிறுத்தி வைத்திருந்தால் கிளட்ச் சூடாகிவிடும், பிரேக் மிதித்து நிற்க வேண்டும்.

நாமக்கல், கணக்குப் பார்ப்பவர்:

கொல்லிமலையில் 70 வளைவு, அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன், காசு விஷயம் யாரும் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இருக்கிற காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. பிரெஸ்ஸா நாலு மீட்டருக்குள்தான் இருக்கிறது, ஆனால் இன்ஜின் 1462 சிசி, அதனால் மேல்படியில் நிற்கிறது.

நம் ஊர்ச் சாலை வரியில் இன்னொரு படி உண்டு. 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரைக்கும் 13 சதவீதம், அதைத் தாண்டினால் இருபது லட்சம் வரைக்கும் 18. காரின் விலை 9.90 லட்சம் என்றால் வரி 1,28,700 ரூபாய். அதே கார் 10.10 லட்சம் என்றால் 1,81,800. இருபதாயிரம் கூட என்று சன்ரூஃப் மாடலுக்குத் தாவினால் வரியில் மட்டும் ஐம்பத்து மூவாயிரம் சேர்ந்துவிடும். என் அக்கா மகன் இதைத் தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து நின்றான்.

இன்சூரன்ஸையும் வெளியே ஒரு இடத்தில் கேளுங்கள். எனக்கு ஷோரூமில் போட்டுக் கொடுத்த தொகையை, வெளியே வாங்கிய அதே அளவு பாதுகாப்புள்ள கொட்டேஷனைக் காட்டியதும் குறைத்தார்கள்.

கோபி, வாழைத்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றிங்க. ஒரு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

காங்கேயத்து அண்ணா சொன்னதைக் கேட்டு, டெஸ்ட் டிரைவ் வண்டியை எங்கள் இட்டேரிக்கே கொண்டுவரச் சொன்னேன். மண் பாதைக்கு விட முடியாது என்றார்கள், வாங்கப்போவது இதில் ஓட்டத்தான் என்று மேலாளரிடம் பேசிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஒரு ஹேட்ச்பேக், ஒரு பஞ்ச், இரண்டிலும் அஞ்சு பேராக ஏறிப் போனோம். ஹேட்ச்பேக் இரண்டு இடத்தில் தட்டியது, பஞ்ச் தட்டவில்லை.

ஆனால் அதை வைத்து முடிவு செய்யவில்லை. அந்த மேட்டைப் பார்த்துவிட்டு எங்கள் சித்தப்பா, ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஜேசிபி வைத்து வழித்துக் கிராவல் கொட்டிவிடலாமே, எல்லாருடைய வண்டிக்கும் ஆகும் என்றார். பங்காளிகள் நாலு பேரும் சரி என்றார்கள், தை முடிவதற்குள் வேலை நடந்துவிடும். அப்படியானால் ஹேட்ச்பேக்கே போகுமே என்று மனைவி கேட்டாள், நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன்.

அப்போதுதான் ஆத்தாவைக் கேட்டோம். பழைய காரில் அவரை ஏற்ற ஒருவர் கையையும் ஒருவர் தலையையும் பிடிக்க வேண்டும், இறங்கும்போது முழங்காலில் கையூன்றி அம்மா என்று முனகுவார். பஞ்சில் கதவு முழுக்க நேராகத் திறந்து நின்றது, சீட் அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. பின்பக்கமாக உட்கார்ந்தார், காலை உள்ளே எடுத்து வைத்தார், யாரும் பிடிக்கவில்லை. "திண்ணையில உக்காந்து எந்திரிக்கிற மாதிரி இருக்குது கண்ணு" என்றார். இரண்டு தடவை இறங்கி ஏறிக் காட்டினார். ஹேட்ச்பேக்கில் ஏற்றியபோது மறுபடியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

மனைவிதான் முதலில் சொன்னாள், இதையே எடுத்துக்கலாங்க என்று. சன்ரூஃப் வேண்டாம், டர்போ வேண்டாம், ஒன்பது லட்சத்துக்குள் நிற்கிற மாடல். இன்சூரன்ஸுக்கு வெளியே இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறேன். வண்டி வந்ததும் முதல் ஓட்டம் ஈரோடு ஆஸ்பத்திரிக்குத்தான், ஆத்தாவுக்கு வியாழக்கிழமை டோக்கன் போட்டிருக்கிறது.