இறந்துபோன அப்பாவைக் கதையாக எழுதலாமா?

கொழுந்துக்கூடை (பந்தலூர்):

என் சிறுகதை ஒன்று போன மாதம் ஒரு சிற்றிதழில் வந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரே சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று, குடித்துவிட்டு வரும் அப்பா, அடிவாங்கும் அம்மா, எல்லாச் சத்தத்தையும் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீடு. பெயர்களை மாற்றித்தான் எழுதினேன். என் தம்பி படித்துவிட்டு, "செத்துப்போனவரைச் சந்தி சிரிக்க வெச்சிட்டியே, அவர் எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்?" என்றான். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

நான் எழுதியது சரி என்றே இப்போதும் சொல்கிறேன். இலங்கையோடு போட்ட 1964 ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இந்தியா கையெழுத்துப் போட்டது. அந்தக் கணக்கு எல்லாக் கட்டுரையிலும் வருகிறது. அப்படி வந்தவர்களில் ஒருவர் என் அப்பா. இலங்கையில் பதுளைப் பக்கம் பிறந்து, கடல் தாண்டி, மண்டபம் முகாம் வழியாக இந்த நீலகிரி மலைக்கு வந்தவர். அவர் கப்பலேறி வந்ததை எழுதினால் நெகிழ்ந்து போகிறார்கள். வந்த பிறகு வீட்டுக்குள் நடந்ததை எழுதினால் குடும்ப மானம் போய்விடுகிறதாம். அந்த வீட்டில் பயந்து பயந்து வளர்ந்தது நான். அதை எழுத நான் யாரிடம் போய் அனுமதி கேட்க வேண்டும்?

ஹட்டிவாசி (கோத்தகிரி):

தங்கச்சி, நீங்கள் பட்ட கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் நான் உங்கள் தம்பி பக்கம்தான்.

கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஒருவர் இப்படி எழுதினால் அது எந்த வீடு என்று யாருக்கும் தெரியாது. மலையில் அப்படி இல்லை. எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். "அண்ணன் தம்பிக்குள் தேயிலைத் தோட்டத்தில் வரப்புத் தகராறு, மூத்தவர் மில்ட்ரியில் இருந்தவர்" என்று எழுதினால் போதும், பெயரே தேவையில்லை, எந்த வீடு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

எங்கள் உறவில் ஒரு பெண், கணவனோடு வாழ முடியாமல் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அதை ஒருவர் கதையாக எழுதினார். நல்ல கதை என்றுதான் படித்தவர்கள் சொன்னார்கள். அவள் மேல் இரக்கத்தோடுதான் எழுதியிருந்தார். ஆனால் அவள் தன் வாயால் யாரிடமும் சொல்லாத விஷயம் அதில் இருந்தது. அந்த வருஷம் எங்கள் குலதெய்வத் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு ஊரே வெள்ளை உடுத்திப் பேரகணிக்குப் போனது, அவள் மட்டும் வரவில்லை. எழுதியவருக்குப் பாராட்டு வந்தது. அவளுக்கு என்ன வந்தது?

முதுமலைக் காற்று:

ஹட்டிவாசி ஐயா, அந்தப் பெண்ணை வீட்டுக்குள் முடக்கியது கதையா, கதையைப் படித்துவிட்டுப் பேசிய ஊரா? ஊர் வாயை அடக்க முடியாது என்பதற்காக எழுதுகிறவர் வாயை மூடுவது நியாயமில்லை. பெரும்பாலும் பெண்கள் எழுதும்போதுதான் இந்தக் குடும்ப மானம் நினைவுக்கு வருகிறது.

ஹட்டிவாசி (கோத்தகிரி):

ஊர்தான். ஆனால் ஊர் பேசும் என்று தெரிந்தே எழுதியவருக்கும் அதில் பங்கு உண்டு.

கேத்திப் பள்ளத்தாக்கு:

எழுதலாமா கூடாதா என்பதோடு நின்றுவிடாமல், எப்படி எழுதுவது என்றும் பேசலாம். என்னிடம் நண்பர்கள் படிக்கக் கொடுக்கும் கதைகளில் பாதி இப்படிப்பட்டவைதான்: மாமியார், விட்டுப்போன கணவன், சொத்தைப் பிடுங்கிக்கொண்ட அண்ணன். பெரும்பாலான முதல் பிரதிகள் கதையாக இருக்காது, புகார் மனுவாக இருக்கும். கெட்டவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கெட்டவர். நாம் சொல்லாமல் வைத்திருந்த பதிலையெல்லாம் கதாநாயகி சொல்லிவிடுவாள். எழுதியவருக்கு ஆறுதல் கிடைக்கும், படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது.

எதிராளிக்கு ஒரு காரணம் கொடுத்துப் பாருங்கள், ஓர் ஆசை, ஒரு நல்ல நாள். கொழுந்துக்கூடையின் கதையை நானும் படித்தேன். அதில் அப்பா சம்பளத்தன்று கடைத்தெருவிலிருந்து மகளுக்கு ரிப்பன் வாங்கி வரும் இடம் இருக்கிறது. ரிப்பனைக் கொடுத்த கைதான் அன்று ராத்திரி அடிக்கவும் செய்கிறது. அந்த ஒரு பக்கத்துக்காகவே கதை நிற்கிறது. அதைப் படித்து யாரும் அப்பாவைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

மறைப்பதற்கும் வழி உண்டு. பெயரை மாற்றுவது ரொம்பச் சின்ன வேலை. இரண்டு பேரை ஒருவராக்கலாம். மகளை மகனாக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட சத்தமாகவே முழுக் கதையையும் சொல்லலாம். நடந்த முடிவை விட்டுவிட்டு நடக்காத ஒன்றை எழுதலாம், பல சமயம் அதுதான் உண்மைக்குக் கிட்ட வரும். ஊரை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இந்தக் கதையைத் தூக்கி வால்பாறையில் வைத்தால் ஒட்டாது. அங்கே தோட்டங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனித் தோட்டங்கள். இங்கே 1968இல் அரசே தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தேயிலை நட ஆரம்பித்தது. அந்த அப்பாவின் கோபத்தில் பாதி, பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்டதால் வந்தது.

நடுவட்டம் வக்கீல்:

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே" என்று ஒரு வரி போட்டுவிட்டால் மட்டும் தப்பிக்க முடியாது. யாரைச் சொல்கிறது என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தால் அவதூறு வழக்குக்கு இடம் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆவது பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499. "நடந்ததைத்தானே எழுதினேன்" என்பது மட்டும் போதாது, அதைச் சொல்வதில் பொது நன்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும். இறந்தவருக்கும் இது பொருந்தும், குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதியிருந்தால். கொழுந்துக்கூடையின் கதையில் அப்படி ஓர் எண்ணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, ஆட்டோ சங்கரின் தன்வரலாறு சம்பந்தமான வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவரின் குடும்பம், மணவாழ்க்கை, பிள்ளைப்பேறு போன்றவற்றை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது, பொது ஆவணத்தில் இருப்பவை விதிவிலக்கு. சரி, ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களில் எது யாருடைய அந்தரங்கம்? அதற்கு எந்தத் தீர்ப்பிலும் எளிய விடை கிடையாது.

கொழுந்துக்கூடை (பந்தலூர்):

வக்கீல் சாருக்கு நன்றி. சம்மதம் பற்றி வந்ததால் சொல்கிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துக் கதை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "அவர் அடிச்சதெல்லாம் வந்திருக்கு. நான் விறகுக்கட்டையால திருப்பி அடிச்சது எங்க?" என்று கேட்டார்.

அது எனக்குத் தெரியவே தெரியாது. அது நடந்தபோது நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அப்பா ரொம்ப நாள் கை ஓங்கவில்லையாம். எடை போடும் இடத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லாருக்கும் தெரியுமாம், பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

ஹட்டிவாசி (கோத்தகிரி):

இதைத்தான் சொல்ல வந்தேன் தங்கச்சி. ஒரு வீட்டில் நடந்தது ஒருவருக்கு முழுசாகத் தெரியாது. உங்கள் கதையைப் படித்தவர்கள் மனதில் அம்மா அடிவாங்கிக்கொண்டு கிடந்தவராகவே நிற்பார். அப்பாவுக்கு மட்டுமில்லை, அம்மாவுக்கும் கணக்கு நேராகவில்லை.

கேத்திப் பள்ளத்தாக்கு:

மகள் கண்டது மகளின் கதை. அதில் விறகுக்கட்டையைக் கொண்டுவந்து சொருகினால் இரண்டும் கெடும். அம்மாவின் கதை தனிக் கதை, அதை எழுத வேண்டும். பாமா 1992இல் தன் தலித் வாழ்க்கையைச் சொல்லும் 'கருக்கு' நூலை வெளியிட்டபோது சொந்த ஊரே கோபப்பட்டது. கொஞ்ச காலம் அவர் ஊர்ப்பக்கம் போக முடியாத நிலை. பின்னாளில் அதே ஊர்க்காரர்கள் தங்கள் கதை என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கோபத்துக்குப் பயந்திருந்தால் தமிழுக்கு ஒரு புத்தகம் குறைந்திருக்கும்.

ஹட்டிவாசி (கோத்தகிரி):

அது ஒரு சமூகமே பட்ட அவமானம், வெளியே வந்தாக வேண்டும். இரண்டு பேர் அடுப்படியில் போட்ட சண்டையை அதோடு சேர்க்காதீர்கள்.

முதுமலைக் காற்று:

அடுப்படியில் அடிவாங்குவதும் சமூகம் பட்ட அவமானம்தான் ஐயா. எத்தனை லைன் வீட்டில் நடந்திருக்கிறது!

கொழுந்துக்கூடை (பந்தலூர்):

ஐயா, அந்தச் சுவர் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. அவர்கள் கேட்டார்கள், அவர்கள் வீட்டில் நடந்ததை நாங்கள் கேட்டோம். யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. நான் எழுதியது என் அப்பாவைக் குற்றம் சொல்ல இல்லை, அந்த மௌனத்துக்காக. கதையை ஒரு வரிகூட மாற்றப் போவதில்லை. அம்மா சொன்னதை அடுத்து எழுதுகிறேன், அவர் போதும் என்று சொல்கிற இடத்தில் நிறுத்திக்கொள்வேன்.

ஹட்டிவாசி (கோத்தகிரி):

அம்மாவிடம் கேட்டுச் செய்வது நல்லது. தம்பியை விட்டுவிட்டீர்களே. நீங்கள் விடுதியில் இருந்தபோது அவர்தானே அந்த வீட்டில் இருந்தார்? அவருக்குத் தெரிந்த அப்பா வேறு ஒருவராக இருக்கலாம். நேரில் போய்க் கேளுங்கள், கதைக்காக வேண்டாம்.

கொழுந்துக்கூடை (பந்தலூர்):

போகிறேன் ஐயா. ஆனால் அவன் சொல்வதை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அதை அவனிடமே முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச உட்காருவேன்.