நாஜி விழாப் படங்களை நூரம்பெர்க் வழக்கில் சாட்சியமாக ஏற்றது சரியா?

படச்சுருள்:
இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பெர்க் வழக்கில் 1945 டிசம்பர் 11 அன்று நீதிமன்றத்திலேயே ஒரு படம் ஓட்டினார்கள். பெயர் 'நாஜித் திட்டம்'. சுமார் நான்கு மணி நேரம். ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டின் கீழ் இயங்கிய அமெரிக்க ராணுவ உளவுப் படப்பிரிவில் இருந்த பட் ஷூல்பெர்க்கும் அவர் குழுவும் ஜெர்மன் செய்திப்படங்களையும் கட்சி மாநாட்டுப் படங்களையும் தேடிப்பிடித்து, வெட்டி ஒட்டிக் கொடுத்தது. அணிவகுப்பு, புத்தக எரிப்பு, மாநாட்டு மேடை என்று பெரும்பகுதி விழாக்கள்தான். இதை ஆதாரமாக ஏற்றது தவறு என்பது என் வாதம்.

அந்தக் காட்சிகளை எடுத்ததே மக்களை மயக்குவதற்கு. கேமரா எங்கே நிற்க வேண்டும், தலைவர் எந்தக் கோணத்தில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவை. அப்புறம் அதில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று முடிவு செய்தது அரசுத் தரப்பு. இரண்டு முறை சமைத்த பண்டம் அது. மேடையில் நின்று கை உயர்த்துவது எந்தச் சட்டப்படி குற்றம்? கூண்டில் இருந்தவர்களே அதை ரசித்துப் பார்த்தார்கள். சிறையில் மனநல நிபுணராக இருந்த கில்பர்ட்டின் குறிப்புகளைப் பார்த்தால், ஹிட்லரின் குரலைக் கேட்டு வெளியுறவு அமைச்சராக இருந்த ரிபன்ட்ராப் உருகிப்போனது தெரியும். குற்றவாளிக்கே பெருமையாக இருக்கும் ஒரு படம் எப்படி அவனுக்கு எதிரான சாட்சி ஆகும்?

சாட்சிக்கூண்டு:
நண்பரே, அவர்களுக்குப் பெருமையாக இருந்ததுதான் அந்தப் படத்தின் பலமே. வென்ற நாடுகள் தோற்றவனை விசாரிக்கும் வழக்கு அது. எதிரியின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டித்தால் நாளைக்கு ஜெர்மானியர்கள் யாரும் அந்தத் தீர்ப்பை நம்ப மாட்டார்கள். இது அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நவம்பர் 21 அன்று தொடக்க உரையிலேயே, இவர்களுடைய பகைவர்களின் வாக்கை வைத்து இவர்களைத் தண்டிக்கச் சொல்லமாட்டோம், இவர்களுடைய சொந்தப் படங்களையே காட்டுவோம் என்றார். அந்த நான்கு மணி நேரமும் ஜெர்மானியர்கள் எடுத்த காட்சிகள்தான்.

சல்யூட் குற்றமா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஆனால் 1933 ஏப்ரல் 1 யூதர் கடைப் புறக்கணிப்பை முன்னின்று நடத்தியவர் கூண்டில் இருந்த யூத வெறுப்புப் பத்திரிகையாளர் ஸ்ட்ரைக்கர். 1935 செப்டம்பர் 15 அன்று யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களை இதே நூரம்பெர்க் நகரில், மாநாட்டுக் கொண்டாட்டத்துக்கு நடுவே வாசித்தவர் ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த கோரிங். பத்து வருடம் கழித்து அதே ஊரில் கூண்டில் உட்கார்ந்து, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? யார், எங்கே, எந்தத் தேதியில், யார் பக்கத்தில் நின்றார் என்பதற்கு விழாப் படத்தைவிட நல்ல பதிவு கிடையாது.

ஓரத்துவாசகி:
ஒரு சந்தேகம். திரையில் தெரிகிற முகம் இன்னாருடையதுதான் என்று யார் உறுதி செய்தது?

சாட்சிக்கூண்டு:
நல்ல கேள்வி தோழி. 1934 மாநாட்டைப் படமாக்கிய லெனி ரீஃபென்ஸ்டாலையே ஷூல்பெர்க் ஆஸ்திரியாவில் கிட்ஸ்பூஹெல் என்ற ஊரில் கண்டுபிடித்து, நூரம்பெர்க்குக்கு அழைத்துவந்து, ஆட்களை அடையாளம் காட்ட வைத்தார். எடுத்தவர் வாயாலேயே பெயர்கள் வந்தன.

படச்சுருள்:
ரீஃபென்ஸ்டாலை நீங்களே இழுத்துவிட்டதால் கேட்கிறேன். அவர் எடுத்த மாநாட்டுப் படத்தைப் பற்றி, ஹிட்லரின் கட்டடக் கலைஞரும் அதே கூண்டில் இருந்தவருமான ஆல்பர்ட் ஸ்பீர் பின்னாளில் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சில உரைகளின் படச்சுருள் வீணாகிவிட்டதாம். பெர்லினில் ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் மாநாட்டு மேடையின் ஒரு பகுதியை அப்படியே கட்டி, தலைவர்களை வரவழைத்துத் திரும்பப் பேச வைத்தார்களாம். கட்சியில் ஹிட்லரின் துணைத்தலைவராக இருந்த ஹெஸ் வந்தார். ஹிட்லர் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து விறைப்பாக நின்று, அங்கே ஆளே இல்லாதபோது, 'என் தலைவரே' என்று அதே உணர்ச்சியோடு முழங்கினார். உண்மையான உணர்ச்சி என்று தான் நம்பியது நடிப்பாக இருந்ததைப் பார்த்து அதிர்ந்துபோனதாக ஸ்பீர் எழுதுகிறார். ரீஃபென்ஸ்டால் இதைப் பெருமளவு மறுத்தார். இருக்கட்டும். இப்படி ஒரு கேள்வி எழக்கூடிய படத்தை ஒரு சாதாரணக் கொலை வழக்கில் கொண்டுபோனால் எந்த நீதிபதியாவது ஏற்பாரா? நூரம்பெர்க் சாசனத்தின் 19-வது பிரிவு, சாட்சியத்துக்கான நுணுக்க விதிகள் இந்த மன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று கதவைத் திறந்து வைத்திருந்ததால்தான் அது உள்ளே வந்தது.

சாட்சிக்கூண்டு:
ஸ்பீர் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஹெஸ்ஸை யார் மிரட்டினார்கள்? தலைவரே இல்லாத கூடத்தில் கூட அதே வாசகத்தை அதே வேகத்தோடு சொன்னார் என்றால், அந்தச் சொல்லுக்கு அவர் பொறுப்பில்லாமல் போய்விடுமா? எங்கே படமாக்கினார்கள் என்பது மாறலாம், சொன்னவர் மாறவில்லை.

இன்னொன்று. அந்தத் தொகுப்பில் மாநாடு மட்டும் இல்லை. 1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்ல முயன்றவர்கள் மீது மக்கள் நீதிமன்றத்தில் நடந்த விசாரணையும் இருக்கிறது. நீதிபதி ஃப்ரைஸ்லர் கத்துகிற கத்தல் காதைக் கிழிக்கும். ஃபீல்டு மார்ஷல் விட்ஸ்லெபன் இடுப்புவார் பறிக்கப்பட்டு, நழுவும் கால்சட்டையைக் கையால் பிடித்தபடி நிற்கிறார். ஆகஸ்ட் 8 அன்று அவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். இதையும் பிரசாரத்துக்காகத்தான் படமெடுத்தார்கள். புகழ்பாட எடுத்தது என்பதாலேயே அதில் உண்மை பதிவாகாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஓரத்துவாசகி:
எனக்கு உறுத்துவது வேறு. அந்த நீதிமன்ற அறையில் நடுச்சுவரில், வழக்கமாக நீதிபதிகள் உட்கார வேண்டிய இடத்தில், திரையை வைத்திருந்தார்கள். நீதிபதிகளின் மேசை பக்கவாட்டுக்குப் போய்விட்டது. இருட்டில் கூண்டின் மீது மட்டும் வெளிச்சம், யார் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கு. நவம்பர் 29 அன்று வதை முகாம்களின் படத்தை ஓட்டியபோது ஹிட்லரின் முன்னாள் பொருளாதார அமைச்சர் ஷாக்ட் திரையைப் பார்க்க மறுத்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அதே பதவியில் பின்னர் இருந்த ஃபுங்க் அழுதார். முகபாவனை சாட்சியமா? பிணக்குவியலைப் பார்த்த சூட்டோடு பன்னிரண்டு நாளில் கொண்டாட்டப் படத்தைப் போட்டால், பார்ப்பவர் மனதில் இரண்டும் ஒட்டிக்கொள்ளாதா? நியாயம் எந்தப் பக்கம் இருந்தாலும், இப்படி ஒரு ஏற்பாட்டை என்னால் முழு மனதோடு ஏற்க முடியவில்லை.

படச்சுருள்:
தோழி சொன்ன ஷாக்டையே எடுத்துக்கொள்வோம். 1940-ல் பிரான்ஸை வென்று திரும்பிய ஹிட்லரை பெர்லினில் வரவேற்கும் செய்திப்படத்தில் அவர் தெரிகிறார். அதைக் குறுக்கு விசாரணையில் ஓட்டிக் காட்டினார் ஜாக்சன். என்ன ஆனது? விடுதலை! சதித்திட்டக் குற்றச்சாட்டை நிரூபிக்கத்தான் 'நாஜித் திட்டம்' தயாரானது. அந்தக் குற்றச்சாட்டில் தண்டனை பெற்றவர்கள் எட்டே பேர். கட்சி அறிவிப்புகளும் அரசியல் பேச்சுகளும் மட்டுமே சதி ஆகிவிடாது என்று தீர்ப்பே சொல்கிறது. நீதிபதிகள் ஊன்றிப் பார்த்தது ஹிட்லர் தன் போர்த் திட்டத்தைத் தளபதிகளிடம் விளக்கிய 1937 நவம்பர் 5 கூட்டத்தின் ஹொஸ்பாக் குறிப்பு போன்ற ரகசிய ஆவணங்களை. காகிதம்தான் வழக்கை ஜெயித்தது.

சாட்சிக்கூண்டு:
ஷாக்ட் விடுதலையானது என் வாதத்துக்குத்தான் துணை. மக்களை மயக்க எடுத்த படம் என்று தொடங்கினீர்கள். நீதிபதிகள் அதில் மயங்கியிருந்தால் அவர் வெளியே போயிருப்பாரா? பார்த்தார்கள், எடை போட்டார்கள், போதாது என்று பட்ட இடத்தில் விட்டார்கள்.

ஹிட்லர் இளைஞர் அமைப்பின் தலைவராக இருந்த ஷீராக்கைப் பாருங்கள். 1934 மாநாட்டில் ஆயிரக்கணக்கான சிறுவர்களை ஹிட்லர் முன் நிறுத்தியவர். 1946 மே மாதம் சாட்சி சொல்ல ஏறியபோது, லட்சக்கணக்கானோரைக் கொன்ற ஒருவனுக்காக ஜெர்மன் இளைஞர்களை வளர்த்தது என் குற்றம் என்றார்.

படச்சுருள்:
அப்படிச் சொல்ல வைத்தது விழாப் படம் இல்லை. அதற்கு முந்தைய மாதம் ஆஷ்விட்ஸ் தளபதி ஹோஸ் அதே மன்றத்தில் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனார். ஷீராக்குக்குக் கிடைத்த 20 ஆண்டும், பின்னாளில் அவர் நிர்வகித்த வியன்னாவிலிருந்து யூதர்களை நாடுகடத்தியதற்கு. மைதானத்துக்காக இல்லை.

சாட்சிக்கூண்டு:
தண்டனை வியன்னாவுக்கு என்பது சரி. ஆனால் தன் குற்றம் என்று அவர் தானாக முன்வந்து சொன்னது அந்த இளைஞர்களைப் பற்றி. அந்த இளைஞர்கள் யார், அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று நீதிபதிகள் ஏற்கெனவே டிசம்பரில் பார்த்திருந்தார்கள். ஹொஸ்பாக் குறிப்பில் அந்தப் பிள்ளைகள் இல்லை.